அம்புலிமாமா ஏமாற்றிவிட்டது, பீன் ஏமாற்றவில்லை

போன கிழமை காய்ச்சலில் நாலு நாள் படுத்திருந்தேன். வேலைக்குப் போக ஒண்ணாது, நித்திரையும் வராது. போனை வைத்துக்கொண்டு இரண்டு காரியம் பார்த்தேன். ஒன்று, இணையத்தில் ஸ்கேன் செய்து போட்டிருக்கிற பழைய அம்புலிமாமா இதழ்களை வாசித்தது. மற்றது, மிஸ்டர் பீன் பார்த்தது. புத்தகம்தான் உசத்தி, டிவி பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிற ஆள் நான். அதனால் தலைப்பில் உள்ளதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இருந்தது மாமா தன் இளந்தாரிக் காலத்தில் சேர்த்து, சாக்கு ஊசியால் தைத்து வைத்திருந்த ஒரு கட்டு. முன் மட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. அரைவாசியில் நின்ற கதைகளுக்கெல்லாம் நானே முடிவு கட்டி, தம்பிக்குச் சொல்லி, அவன் நம்பாவிட்டால் ஒரு குட்டும் வைப்பேன். மட்டக்களப்புப் பக்கம் கல்லாற்றில் கடலுக்கும் எங்கள் வளவுக்கும் இடையில் இரண்டே வளவு. 2004 டிசம்பர் 26 சுனாமி வீட்டோடு சேர்த்து அந்தக் கட்டையும் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு அது என் தலைக்குள் வளர்ந்துகொண்டே போனது. உலகத்தில் அதைவிடச் சிறந்த புத்தகம் இல்லை என்கிற அளவுக்கு.

இப்போது வாசித்தால் கதைகள் சுள்ளி மாதிரி இருக்கின்றன. வேதாளக் கதைகளுக்குத்தான் நேரே ஓடினேன். மனம் தளராத விக்கிரமன் மறுபடியும் மரத்தில் ஏறுகிறான், பிணத்தைத் தோளில் போடுகிறான், வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது, விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும் என்கிறது, இவன் சொல்கிறான், அது பறந்துபோகிறது. மூலத்தில் 25 கதைதான். பத்திரிகைக்காரர்கள் அதை நூற்றுக்கணக்கில் இழுத்தார்கள், ராசாவும் சளைக்காமல் பதில் சொன்னான்.

அந்தப் பதில்கள்தான் எனக்கு இப்போது இறங்கவில்லை. மூலக் கதைகளில் ஒன்று பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரு பெண்ணைக் கட்ட மூன்று பேர் நிற்கிறார்கள், அவள் செத்துப்போகிறாள். ஒருவன் சாம்பலில் படுத்துக் கிடக்கிறான், ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டு போகிறான், மூன்றாமவன் மந்திரம் கற்று வந்து அவளை எழுப்புகிறான். யாருக்கு அவள்? உயிர் கொடுத்தவன் தகப்பன், எலும்பு கரைத்தவன் மகன், சாம்பலில் படுத்தவனே புருசன் என்று ராசா தீர்ப்புச் சொல்கிறான். சின்னதில் ‘என்ன மூளை!’ என்று வாயைப் பிளந்திருக்கிறேன். இப்போது பார்த்தால், எழும்பி உட்கார்ந்திருக்கிற அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க ராசாவுக்கும் தோன்றவில்லை, வேதாளத்துக்கும் தோன்றவில்லை. அது பேய், விடுங்கள். இவன் நீதிமான் என்று பெயரெடுத்தவன் அல்லவா?

ஆனால் படங்கள்! அதில் மட்டும் கை வைக்க மாட்டேன். உருவிய வாளும் தோளில் பிணமுமாக நடக்கிற அந்த ராசாவை வரைந்தவர் சங்கர். 2020-இல் காலமானார். 1950-களின் தொடக்கத்திலிருந்து கிட்டத்தட்ட 60 வருடம் அந்தப் பத்திரிகைக்கே வரைந்த மனிதர். காலடியில் கிடக்கிற மண்டையோடு, வேரில் சுற்றிய பாம்பு எல்லாம் கோடு கோடாக என் நினைவில் அப்படியே இருந்தன. நான் கதை வாசித்ததாக நினைத்துக்கொண்டு படம்தான் பார்த்திருக்கிறேன் போல.

சரி, பீனுக்கு வருவோம்.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் கரண்ட் ஒழுங்காக இல்லை. தெருவில் காசு சேர்த்து, டிவி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஒரு வளவில் பாய் விரித்து விடியவிடியப் படம் பார்ப்போம். ஜெனரேட்டர் வேலிப் பக்கம் நின்று குழறும். ரஜினி என்ன சொல்கிறார் என்று கேட்காமல் முன்வரிசைப் பொடியன்களுக்குள் அடிபாடு. ஒருநாள் இரண்டு படத்துக்கு நடுவில், கொழும்பில் இருந்து யாரோ கொண்டுவந்த பீன் கசட்டைப் போட்டார்கள். அந்த மனிசன்தான் வாயே திறக்கிறதில்லையே! ஜெனரேட்டரே தோற்றுப்போன ஒரே படம் அதுதான்.

அந்தத் தொடர் மொத்தம் 15 பகுதிகள்தான் என்று இந்தக் காய்ச்சலில்தான் தெரிந்துகொண்டேன். நூறாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். முதல் பகுதி இங்கிலாந்தில் ஒளிபரப்பானது 1990 ஜனவரி முதலாம் தேதி. 1990 என்றால் மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு வேறு நினைவுகள். அவற்றை இங்கே இழுக்கவில்லை.

தொடக்கத்தில் வானத்திலிருந்து ஒரு வெளிச்சம் விழும், அதற்குள் இவர் தொப்பென்று வந்து விழுவார். பின்னால் லத்தீனில் ஒரு கூட்டுப்பாட்டு. பக்கத்து வீட்டு அக்கா அதை மாதா கோயில் பாட்டு என்று நினைத்து அமைதியாகிவிட்டார். ‘இதோ, அவரைக்கொட்டையாகிய மனிதன்’ என்பதுதான் அதன் பொருள். அம்மம்மா மட்டும் அந்தக் காட்சியை அப்படியே உண்மையாக எடுத்துக்கொண்டா. “பாவம் மனே, வானத்தில இருந்து விழுந்த பொடியன். தாய் தகப்பன் இல்ல. மறுகா எப்படி அவனுக்கு ஒண்டும் தெரியும்?” என்றா. நாங்கள் சிரித்தோம்.

போன கிழமை சாப்பாட்டுக் கடைக் காட்சியைப் பார்த்தேன். தன் பிறந்தநாளுக்குத் தனியாக வந்து உட்கார்ந்து, வாழ்த்து அட்டை ஒன்றை எடுத்துத் தானே எழுதி, உறைக்குள் வைத்து ஒட்டி, கொஞ்சம் பொறுத்து யாரோ அனுப்பியது போல ஆச்சரியப்பட்டுப் பிரிக்கிறார். பிறகு வருகிறது சாப்பாடு, பச்சை இறைச்சி அரைத்தது. தெரியாமல் கேட்டுவிட்டார், இனி வேண்டாம் என்று சொல்லவும் ஒண்ணாது. பாணுக்குள், சீனிப் பாத்திரத்துக்குள், பக்கத்து மேசைப் பெண்ணின் கைப்பைக்குள் என்று ஒளித்துக்கொண்டே போகிறார். களுவாஞ்சிகுடியில் பெரியம்மா வீட்டில் பாகற்காயைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் தள்ளியவன் நான். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

நல்ல மனிசனும் இல்லை அவர். பரீட்சை மண்டபத்தில் பக்கத்து ஆளின் தாளை எட்டிப் பார்க்கிறார், நீலநிற மூன்று சில்லுக் காரைக் கண்டால் இடித்துத் தள்ளுகிறார். ஆனால் இது சரி, இது பிழை என்று ஒரு ராசாவும் வந்து தீர்ப்புச் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்றுதான் எரிச்சல். காதில் இயர்போன் போட்டுப் பார்க்கும்போது ஒரு கூட்டம் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. எங்கள் வளவில் அது இருக்கவே இல்லை! ஜெனரேட்டர் அதை விழுங்கியிருந்தது. சிரித்தது நாங்கள்தான், எங்களுக்குச் சிரிப்பு வந்த இடத்தில். வாழ்த்து அட்டையைப் பிரிக்கிற இடத்திலும் அவர்கள் சிரிக்கிறார்கள். அம்மம்மா அந்த இடத்தில் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தது எனக்கு ஞாபகம்.

கஞ்சி கொண்டுவந்த அம்மாவிடம் சத்தத்தை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை எடுத்து வருவதற்குள் பீன் அட்டையைப் பிரித்துவிட்டார். “திருப்பிப் போடு மனே” என்று கட்டிலில் உட்கார்ந்தா.