தகர டப்பா 557

உலகிலேயே பெரிய போர்க்கப்பல், 46 செ.மீ. பீரங்கி என்று இரண்டாம் உலகப்போரின் ஜப்பானியக் கப்பல் யமாத்தோ பற்றி அடிக்கடி ஒரு பதிவு கண்ணில் படுகிறது. எனக்கென்னவோ அதன் எதிரே போய் நின்ற தகர டப்பாவின் மேல்தான் பிரியம்.

தகர டப்பா என்பது நான் வைத்த பெயரில்லை. அமெரிக்க மாலுமிகளே தங்கள் நாசகாரிக் கப்பல்களை (டெஸ்ட்ராயர்) அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் சொல்லும் டப்பாவின் பெயர் ஜான்ஸ்டன், ஃபிளெட்சர் வகை, எண் 557. நீளம் 115 மீட்டர், 5 அங்குலப் பீரங்கி ஐந்து, தண்ணீருக்குள் பாய்ந்துபோய் வெடிக்கும் டார்பிடோ பத்து. கவசம் என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் கிடையாது.

1944 அக்டோபர் 25 காலை, பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்கு அருகே ஆறு சிறிய விமானந்தாங்கிகளுக்குக் காவல் நின்றது. அடிவானத்தில் யமாத்தோவோடு சேர்த்து நாலு பெரும் போர்க்கப்பல், கூடவே அவற்றைவிடச் சிறிய, ஆனால் நாசகாரியைவிடப் பெரிய க்ரூஸர்கள். ஜான்ஸ்டனின் கேப்டன் எர்னஸ்ட் எவன்ஸ் தாக்கும் உத்தரவு வரும்வரை காத்திருக்கவில்லை. புகைத்திரை போட்டபடி நேராகப் பாய்ந்து பத்து டார்பிடோவையும் ஏவினார். குமானோ என்ற க்ரூஸரின் மூக்கே பிய்ந்துபோனது.

இந்த வீரத்தை எல்லோரும் சொல்கிறார்கள், சரி. அந்தக் கப்பலை வரைந்த பொறியாளரைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? கொதிகலன் அறை, எஞ்சின் அறை, மறுபடி கொதிகலன், மறுபடி எஞ்சின் என்று மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். ஒரே அடியில் இரண்டு எஞ்சினும் சாகக்கூடாது என்பதுதான் கணக்கு. அன்று அடி வாங்கி ஒரு எஞ்சின் போனது. மற்றொன்று ஓடியது. முப்பத்தைந்து நாட் (மணிக்குச் சுமார் 65 கி.மீ.) போகக்கூடிய கப்பல் பதினேழில் இழுத்துக்கொண்டு மீண்டும் சண்டைக்குள் போனது. மெல்லிய தகட்டிலும் ஒரு வினோதம்: கனமான கவசத்தைத் துளைக்கச் செய்த குண்டுகள் சில, இப்படிப்பட்ட கப்பல்களில் வெடிக்காமலே மறுபக்கம் போய்விட்டன.

கப்பலைச் செலுத்தும் மேல் அறையிலிருந்து சுக்கான் இயங்கவில்லை. இடக்கையில் இரண்டு விரல் போன எவன்ஸ் பின்தளத்துக்குப் போய், அங்கிருந்த ஒரு திறப்பின் வழியாகக் கீழே கத்தினார். கீழே இருந்தவர்கள் கையாலேயே சுக்கானைத் திருப்பினார்கள். பத்து மணி தாண்டியதும் கப்பல் மூழ்கியது.

என்னால் ஜீரணிக்க முடியாதது அதற்கப்புறம் நடந்தது. தண்ணீரில் குதித்தவர்கள் இரண்டு நாள் மிதந்தார்கள். தேடப்போனவர்களுக்குக் கிடைத்த இடக்குறிப்பே தப்பு. 327 பேரில் 141 பேர்தான் திரும்பினார்கள். எவன்ஸ் திரும்பவில்லை. இறந்தபின் அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் கொடுத்தார்கள்.

2021இல் நீர்மூழ்கியில் இறங்கிப் படமெடுத்தார்கள். 6,456 மீட்டர் ஆழம். முகப்பில் வெள்ளையாக 557, இன்னும் படிக்க முடிகிறது.