மச்சு பிச்சு பார்க்காமல் வந்த கதை

தென் அமெரிக்கா போய் வந்தோம் என்றதும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, "மச்சு பிச்சு பார்த்தீங்களாடா?" இல்லை என்றேன். "அப்புறம் என்னத்துக்கு அவ்வளவு தூரம்?" என்றார். நியாயமான கேள்விதான். போனில் சொல்லி முடியாத பதில் என்பதால் இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு, டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

நானும் தம்பியும் போனது பொலிவியாவுக்கு. மச்சு பிச்சு இருக்கும் பெருவுக்குப் பக்கத்து நாடு, கடற்கரை இல்லாத நாடு. அங்கே எனக்குப் பிடித்த இடம் எதுவுமே சுற்றுலாவுக்கென்று கட்டியதில்லை. ஏதோ ஒரு வேலைக்காகக் கட்டினார்கள், தோண்டினார்கள், தண்டவாளம் போட்டார்கள். அதைத்தான் நாம் போய் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறோம்.

லா பாஸ் நகரத்து ரோப் காரை எடுத்துக்கொள்ளுங்கள். நகரம் ஒரு கிண்ணத்துக்குள் கிடக்கிறது. கிண்ணத்தின் விளிம்பில், 4,000 மீட்டருக்கு மேலே, எல் ஆல்டோ என்ற இன்னொரு நகரம். மேலே குடியிருப்பவர்கள் கீழே வேலைக்கு வர வேண்டும். மினிபஸ்ஸில் வளைந்து வளைந்து வந்து நெரிசலில் மாட்டிய காலம் போய், 2014இல் அரசே ரோப் கார் விட்டது. இன்று 10 தடங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். நமக்கு ரோப் கார் என்றால் பழநி. அங்கே அது டவுன் பஸ். எங்கள் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த பள்ளிப் பையன் வெளியே ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். நாங்கள்தான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தோம்.

சிவப்புத் தடம் நகரத்தின் பெரிய கல்லறைத் தோட்டத்துக்கு மேலேயே போகிறது. அங்குள்ள நிலையத்தின் பெயர் அஹாயுனி. அங்குள்ள பழங்குடிகளின் ஐமாரா மொழியில் 'அஹாயு' என்றால் ஆன்மா. இறங்கிப் போய்ப் பாருங்கள். அடுக்குமாடி வீடு மாதிரி கல்லறை அடுக்குகள், ஒவ்வொரு மாடத்துக்கும் ஒரு சின்னக் கண்ணாடிக் கதவு, உள்ளே பூக்கள், இறந்தவருக்குப் பிடித்த பொருள்களின் குட்டி வடிவங்கள்.

நாடாளுமன்றக் கட்டடத்தின் கடிகாரம் இடப்பக்கமாகச் சுற்றுகிறது. அதையும் 2014இல்தான் மாற்றினார்கள். தெற்கு அரைக்கோளத்தில் சூரியக் கடிகாரத்தின் நிழல் அப்படித்தான் நகரும், எங்கள் கடிகாரம் ஏன் வடக்கைப் பார்த்து ஓட வேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அங்கேயே சூனியக்காரிகள் சந்தை என்று எல்லாரும் சொல்லும் கடைத்தெருதான் எனக்கு ஒட்டவில்லை. புது வீட்டு அஸ்திவாரத்தில் பூமித்தாய் பச்சமாமாவுக்குப் படையலாகப் புதைக்கும் காய்ந்த லாமா (ஒட்டகக் குடும்பத்து விலங்கு) கருக்கள் தொங்குகின்றன, உண்மைதான். ஆனால் பக்கத்திலேயே ஃபிரிட்ஜ் காந்தமும் கம்பளித் தொப்பியும் தொங்குகின்றன.

சுக்ரே நகரத்துக்கு வெளியே கல் ஓர்க்கோ. சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் குவாரி இது. வெட்டிக்கொண்டே போனவர்கள் சிமெண்டுக்கு உதவாத ஓர் அடுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அந்த அடுக்கு முழுக்க டைனோசர் காலடித் தடங்கள்! 1994இல் வெளியே தெரிந்தது. 5,000க்கும் மேல் தடங்கள், சுமார் 6.8 கோடி ஆண்டுப் பழசு. வேடிக்கை என்னவென்றால், எல்லாம் செங்குத்துச் சுவரில் இருக்கின்றன. ஏரிக்கரைச் சேற்றில் நடந்த தடங்கள்தான். ஆண்டிஸ் மலை எழும்பியபோது தரையே நிமிர்ந்து சுவராகிவிட்டது. பார்த்தால் பல்லி மாதிரி ஏறிப் போயிருக்கின்றன என்றுதான் தோன்றும். மதியம் குவாரி இயந்திரங்கள் ஓயும் நேரத்தில் ஹெல்மெட் மாட்டிச் சுவருக்குப் பக்கத்தில் கூட்டிப் போகிறார்கள். 2010இல் சுவரின் ஒரு பகுதி சரிந்து சில தடங்கள் போய்விட்டன. ஆகவே போவதென்றால் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது பொத்தோசி. இங்கேதான் எனக்கும் தம்பிக்கும் சண்டை.

ஊருக்கு மேலே செர்ரோ ரிக்கோ, செல்வமலை. 1545இல் வெள்ளி கண்டுபிடித்தார்கள். ஸ்பெயின் சாம்ராஜ்யத்தின் கஜானாவை நிரப்பியது இந்த மலைதான். பழங்குடி ஊர்களிலிருந்து முறை வைத்து ஆட்களைக் கட்டாயமாகப் பிடித்து வந்து உள்ளே இறக்கினார்கள். இத்தனை நூற்றாண்டு தோண்டியதில் மலை உள்ளே பொத்தலாகி, உச்சியே உள்வாங்கத் தொடங்கிவிட்டது. 2014இல் ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்த்தது யுனெஸ்கோ. ஆனாலும் இன்றும் கூட்டுறவுக் குழுக்களாகத் தொழிலாளர்கள் உள்ளே போகிறார்கள், துத்தநாகம், ஈயம், வெள்ளீயம், மிச்சமிருக்கும் வெள்ளி என்று கிடைத்ததை எடுக்க. தூசி நுரையீரலைத் தின்கிறது.

இதற்குள் சுற்றுலா போகலாம். போகும் வழியில் சந்தையில் தொழிலாளர்களுக்குப் பரிசாக மெல்லும் கோகா இலை, சோடா, ஏன், டைனமைட்கூட வாங்கலாம். உள்ளே கொம்பு வைத்த களிமண் சிலை ஒன்று இருக்கும். பெயர் எல் தீயோ. சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாருக்கும் ஸ்பானிய மொழியில் அந்த ஒரே சொல்தான். வெளியே தேவாலயத்தில் ஏசு, உள்ளே பாதாளத்துக்கு இந்தச் சித்தப்பா. சிகரெட் பற்ற வைத்து வாயில் சொருகி, சாராயம் ஊற்றி, இன்றைக்கு உயிரோடு விட்டுவிடு என்று கும்பிடுகிறார்கள்.

நான் போகவில்லை. ஒருவர் மூச்சு வாங்கக் கல் சுமக்கிறார், நான் ஹெல்மெட் விளக்கை அவர் முகத்தில் அடித்துப் பார்க்க வேண்டுமா? தம்பி கேட்கவில்லை. "கூட்டிட்டுப் போறதே பழைய சுரங்கத் தொழிலாளிதான். இப்ப இதுதான் அவர் பிழைப்பு. நீ போகாம இருந்தா அவருக்கு என்ன லாபம்?" என்றான். பதில் சொல்ல வரவில்லை, இன்னும் வரவில்லை. அவன் இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தான். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பு. அன்றிரவு வழக்கம்போல் போட்டோ காட்டவில்லை. யார் சொன்னது சரி என்று நீங்களே கமெண்டில் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக உயூனி. உப்புப் பாலைவனத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, 10,000 சதுர கிலோமீட்டர் வெள்ளையையும் எல்லாரும் போட்டோ போட்டுத் தீர்த்துவிட்டார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் ரயில் கல்லறையைப் பற்றிச் சொல்கிறேன். சுரங்கத் தாதுவைப் பசிபிக் துறைமுகமான ஆண்டோஃபகஸ்தாவுக்குக் கொண்டுபோக 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் போட்ட ரயில் பாதை. அந்தத் துறைமுகமே ஒரு காலத்தில் பொலிவியாவுடையது, 1879இல் தொடங்கிய போரில் சிலியிடம் போனது. 1940களில் சுரங்கத் தொழில் படுத்ததும் நீராவி எஞ்சின்களை அப்படியே வெட்டவெளியில் விட்டுவிட்டார்கள். உப்புக் காற்று அரித்தது போக மிச்சத்தை ஆட்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். காலை பத்தரை மணிக்கு எல்லா ஜீப்களும் ஒரே நேரத்தில் வந்து இறங்கும், அதற்கு முன்பே போய்விடுங்கள்.

சுரங்க வாசலில் தயங்கிய நான் இங்கே தயங்கவில்லை. வேலை செய்கிறவர்கள் யாரும் இல்லை. ஓர் எஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தேன். எதிரே இருந்த துருப்பிடித்த எஞ்சினில் யாரோ பெயிண்டால் எழுதியிருந்ததை, ஸ்பானிஷ் கொஞ்சம் தெரிந்த தம்பி படித்துச் சொன்னான்: "அனுபவமுள்ள மெக்கானிக் தேவை."