கடன் கொடுத்தவர் கையில் சங்கத்தின் சாவி எதற்கு?

வேளாண் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அரசு உதவ வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. விதைப்புக்குக் கடனும் விளைச்சலைக் காத்து வைக்கக் கிடங்கும் இல்லாத சிறு விவசாயி, வியாபாரி சொன்ன விலைக்கே விற்றுவிட்டு வர வேண்டியவர். ஆனால் அந்த உதவியோடு சங்கத்தின் நிர்வாகமும் அரசு அலுவலர் கைக்குப் போகும்படி சட்டங்கள் எழுதப்படுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இந்தியாவில் இதன் தொடக்கம் 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம். ஜெர்மனியில் கந்துவட்டியிலிருந்து மீள கூட்டுறவு முன்னோடியான ரைஃபைசனின் முயற்சியால் ஊரார் கூடி நடத்திய கடன் சங்கங்களே அதற்கு முன்மாதிரி. அங்கே உறுப்பினர்களின் பொறுப்பில் வளர்ந்த அந்த அமைப்பு, இங்கே பதிவு, தணிக்கை, விசாரணை, கலைப்பு ஆகிய அனைத்தையும் பதிவாளர் என்ற அரசு அலுவலரிடம் குவித்தபடியே பிறந்தது. பின்னர் வந்த மாநிலச் சட்டங்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுவை அகற்றித் தனி அலுவலரை அமர்த்தவும் வழி செய்தன.

இதற்குக் கடிவாளம் போட வந்ததுதான் 97-ஆவது அரசியல் சாசனத் திருத்தம். 2012 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அத்திருத்தம், நிர்வாகக் குழுவை ஆறு மாதத்துக்கு மேல் முடக்கி வைக்கக் கூடாது என்றது. அரசின் பங்குத்தொகையோ கடனோ நிதியுதவியோ உத்தரவாதமோ பெறாத சங்கத்தின் குழுவை அகற்றவே கூடாது என்றும் சொன்னது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள்: அரசிடம் சிறு தொகை கடன் வாங்கினாலும் அந்த முழுப் பாதுகாப்பு போய்விடுகிறது. உதவி மிகவும் தேவைப்படும் ஏழைச் சங்கங்களே இதில் முதலில் அகப்படும். போதாக்குறைக்கு, மாநிலங்களின் ஒப்புதல் பெறாத காரணத்தால், ஒரே மாநிலத்துக்குள் இயங்கும் சங்கங்களைப் பொறுத்தவரை திருத்தத்தின் இந்தப் பகுதி செல்லாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

வேறு வழி இல்லாமல் இல்லை. ஆந்திரப் பிரதேசம் 1995-இல், அரசின் பங்கு மூலதனம் இல்லாமல் உறுப்பினர்களே நடத்தும் சங்கங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவின் 1922-ஆம் ஆண்டுக் கேப்பர்-வோல்ஸ்டெட் சட்டம், விவசாயிகள் ஒன்றுகூடி விற்பதை ஏகபோகக் குற்றமாகக் கருதாமல் விலக்களித்தது. ஒருவருக்கு ஒரு வாக்கு அல்லது ஆண்டுக்கு எட்டு சதவீதத்துக்கு மிகாத ஈவுத்தொகை, சங்கம் கையாளும் வெளியார் விளைபொருள் உறுப்பினர்களுடையதைவிட மதிப்பில் மிஞ்சக் கூடாது என்பவை போன்ற நிபந்தனைகளும் அதில் உண்டு. அவை சங்கம் விவசாயிகளுடையதாகவே இருப்பதற்கான நிபந்தனைகள். அதிகாரியை உள்ளே அமர்த்துவதற்கானவை அல்ல.

கண்காணிப்பு தளர்ந்தால் பெரும் நிலக்காரர்களும் கட்சிக்காரர்களும் சங்கத்தைக் கைப்பற்றிவிடுவார்கள் என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் தனி அலுவலர் காலத்தில் கட்சியின் செல்வாக்கு மறைந்துவிடுவதில்லை. அதைத் தட்டிக்கேட்கும், உறுப்பினர்கள் அனைவரும் கூடும் பொதுப்பேரவைதான் வலுவிழக்கிறது. அரசுப் பணம் பெறும் சங்கத்துக்குத் தணிக்கையைக் கட்டாயமாக்குங்கள், அறிக்கையைப் பொதுப்பேரவையில் வாசிக்க வையுங்கள், தவறினால் உதவியை நிறுத்திக் கடனை வசூலியுங்கள், கையாடல் செய்தவர் மீது வழக்குத் தொடுங்கள். நிர்வாகக் குழுவை மாற்றும் உரிமையை மட்டும், உரிய காலத்தில் நடக்கும் தேர்தல் வழியாக, பங்கு செலுத்திய உறுப்பினர்களிடமே விட்டுவைக்கும் சட்டம் வேண்டும்.