பனிக்கடிக்குப் பனியைத் தேய்க்க வேண்டாம்

பனிக்கடி (கடுங்குளிரில் தோலும் அதனடித் திசுவும் உறைந்துபோவது) பட்ட விரலில் பனியைத் தேய்த்தால் ரத்த ஓட்டம் திரும்பும் என்று சிலர் சொல்கிறார்கள். பழைய நம்பிக்கைதான், ஆனால் சரியல்ல. உறைந்த திசுவுக்குள் பனிப் படிகங்கள் இருக்கும். தேய்த்தால் திசு மேலும் சிதையும், பனியோ இன்னும் குளிர்விக்கும்.

செய்ய வேண்டியது: மோதிரத்தைக் கழற்றிவிட்டு, 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் சுமார் அரை மணி நேரம், தோல் சிவந்து இளகும்வரை அமிழ்த்துங்கள். நீர் சீக்கிரம் ஆறிவிடும், வெந்நீர் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மரத்த விரலால் சூடு பார்க்காதீர்கள், வெந்துபோனாலும் தெரியாது. தெர்மாமீட்டர் இல்லையென்றால் வேறொருவர் முழங்கையை நனைத்துப் பார்க்கட்டும். வழியில் மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் இளக்கவே வேண்டாம், நேரே மருத்துவமனைதான்.

சந்தேகமிருந்தால் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, அங்குள்ள மருத்துவமனையான மேயோ கிளினிக் ஆகியவற்றின் தளங்களில் பனிக்கடி முதலுதவிப் பக்கத்தைப் பாருங்கள். இரண்டிலும் ‘பனியால் தேய்க்காதீர்கள்’ என்றே இருக்கிறது.