தள்ளிவிட்டால் ஆச்சா?

நேற்றிலிருந்து ஒரு வீடியோ வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏதோ ஒரு கடற்கரை. அலை நுரைக்கும் இடத்தில் ஓர் ஆமை கிடக்கிறது. நாலைந்து இளைஞர்கள் பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு அதைத் தூக்கி, ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ சொல்லித் தண்ணீரில் விடுகிறார்கள். பின்னணியில் புல்லாங்குழல். கீழே கைகூப்பும் பொம்மைகளும் ‘மனிதம் இன்னும் சாகவில்லை’ என்ற வரியும். இதுவரை ஐந்து பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பையன்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. 2009-இல் அதே வேலையைச் செய்தவன் நான்.

எங்கள் ஊர் உடன்குடி. கருப்பட்டிக்குப் பேர்போன ஊர். கடல் பக்கம்தான், ஆனால் கடல் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மணப்பாட்டுக்குப் போய், சிலுவைக் கோவில் மேட்டில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு வருகிற அளவுக்குத்தான் பழக்கம். அப்படிப் போன ஒருநாள், நாங்கள் மூன்று பேர், மேட்டுக்குக் கீழே மணலில் ஓர் ஆமையைப் பார்த்தோம். பங்குனி ஆமை. கழுத்து தொங்கி, தாடை மணலில் படிந்து, கண் பாதி மூடியிருந்தது. துடுப்பைத் தொட்டால் லேசாக இழுத்துக்கொண்டது. உயிர் இருக்கிறது! வழிதவறி வந்துவிட்டது, பாவம், கடலில் விட்டுவிடலாம் என்று முடிவுசெய்ய எங்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இழுத்துக்கொண்டு போய் விட்டோம். அலை திருப்பிக் கொண்டுவந்து போட்டது. மறுபடி விட்டோம். மறுபடி வந்தது. மூன்றாம் தடவை நெஞ்சளவு தண்ணீர்வரை போய் ஓங்கித் தள்ளினோம். வரவில்லை. கை தட்டிக்கொண்டோம், வெட்கமாக இருக்கிறது, ஆனால் தட்டினோம்.

ஏற்றி வைத்திருந்த பைபர் படகின் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நாங்கள் சொட்டச் சொட்ட வந்ததும் கேட்டார்:

“என்ன தம்பி, விட்டாச்சா?”

“விட்டாச்சு அண்ணாச்சி. நல்லா உள்ள போயிருச்சு.”

“உள்ள போகும். மேல வராதுல்லா. அதுக்கு நீந்தத் தெம்பு கிடையாது. மூச்சு வாங்கக் கரைக்கு ஒதுங்கியிருக்கு. நீங்க கொண்டுபோயி முக்கிட்டு வந்திருக்கிய.”

திட்டவில்லை. ஊசியைக் கீழே வைக்கக்கூட இல்லை. மறுநாள் காலை அந்தப் பக்கம் பால் எடுக்கப் போன நண்பன் சொன்னான், கல்லடியில் ஓர் ஆமை செத்து ஒதுங்கிக் கிடக்கிறதென்று. அதே ஆமையா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை என்பதுதான் சரி.

பெரியவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது. ஆமைக்கு இருப்பது நுரையீரல். காற்றுக்கு மேலே வந்தே ஆகவேண்டும். விசைப்படகு இழுத்துப்போகிற பை வலையான இழுவைமடியில் சிக்கி, மடி மணிக்கணக்கில் அடியில் இழுபட்டால் மூச்சுமுட்டிப் போகும். சிலது செத்துவிடும். சிலது செத்ததுபோல மயங்கிக் கிடக்கும். அப்படி மயங்கியதைத் தண்ணீரில் போட்டால் நேராக மூழ்கிச் சாகும். செய்யவேண்டியது வேறு: வயிறு கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பக்கத்துக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக முட்டுக்கொடுத்து உயர்த்தி, நிழலில், ஈரத்துணி போர்த்தி (மூக்கை மூடாமல்) விட்டுவிட வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் மெல்ல வடியும். நாலு மணி நேரம் ஆகலாம், ஒரு முழுநாளும் ஆகலாம். அதுவரை பக்கத்தில் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இதை வீடியோ எடுத்தால் யார் பார்ப்பார்கள்?

முட்டையிட வருகிற ஆமை வேறு. அது ராத்திரி வரும், தெம்பாக வரும், குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுத் தானே போகும். அதையும் தூக்கிக் கடலில் விட்ட மகராசர்கள் உண்டு.

சரி, ஆமையாவது ஒற்றை ஆள். 2016-ஐச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு மூன்று நாலு நாள் இருக்கும். சனவரி 11, திங்கட்கிழமை சாயங்காலம். மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலை என்று திருச்செந்தூருக்குத் தெற்கே நெடுகத் திமிங்கலங்கள் கரையேற ஆரம்பித்தன. குட்டைத் துடுப்புப் பைலட் திமிங்கலம். பேர்தான் திமிங்கலம், உறவுமுறையில் ஓங்கல், அதாவது டால்பின் குடும்பம். நன்றாக வளர்ந்த ஆண் ஐந்து மீட்டருக்கு மேல் நீளும், இரண்டு மூன்று டன் கனக்கும். நான் செவ்வாய்க்கிழமை காலை போய்ச் சேர்ந்தேன். பச்சை வேட்டியோடு திருச்செந்தூருக்கு நடந்துகொண்டிருந்த பாதயாத்திரைக்காரர்கள்கூட வழியை விட்டுக் கடற்கரைக்கு இறங்கியிருந்தார்கள்.

எனக்கு நினைவில் நிற்பது சத்தம். அலைச் சத்தத்துக்கு நடுவே, சைக்கிள் டியூப்பில் காற்றைப் பிடுங்கிவிட்டதுபோல ‘புஸ்ஸ்’ என்று ஒரு மூச்சு. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. செத்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னொரு ‘புஸ்ஸ்’. ஈரமாக இருந்த இடம் கறுப்பாகப் பளபளத்தது. காய்ந்த இடம் பழைய டயர்போல வெளுத்துச் சுருங்கிக்கொண்டிருந்தது.

முந்தின இரவு முழுக்க மீனவர்கள் தண்ணீரில் நின்றிருந்தார்கள். தள்ளியும், கயிறு கட்டிப் படகில் இழுத்தும் ஆழத்தில் கொண்டுபோய் விட்டார்கள். விட்டதில் பல திரும்பிக் கரைக்கே வந்தன. மறுபடி இழுத்தார்கள். கடைசிக் கணக்கு இது: ஒதுங்கியவை 81, கடலில் விட்டவை 36, செத்தவை 45. ஜேசிபி வைத்துக் கடற்கரையிலேயே குழிதோண்டிப் புதைத்தார்கள். இதே கரையில் 1973 சனவரியில் 147 ஒதுங்கியதாகப் பதிவு இருக்கிறது. அதே இனம், அதே மாதம்.

ஏன் திரும்பி வந்தன? அன்று கூட்டத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ‘சாக முடிவு பண்ணிட்டு வந்திருக்கு’ என்றார் ஒருவர். அதெல்லாம் இல்லை. இந்தத் திமிங்கலங்கள் தாய்வழிக் குடும்பமாக வாழ்பவை. பாட்டி, அம்மா, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று கடைசிவரை சேர்ந்தே திரியும். ஒன்று கரையில் கிடந்து கத்தினால் மற்றதுக்கு ஆழக்கடலில் இருப்புக்கொள்ளாது. ஆகவே ஒவ்வொன்றாக இழுத்துவிடுவது என்பது, தீப்பிடித்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை மட்டும் வெளியே கொண்டுவந்து தெருவில் நிறுத்துவது மாதிரி. அது உள்ளேதான் ஓடும். கூட்டத்தையே ஆழமில்லாத தண்ணீரில் ஒன்றுசேர்த்து, நிமிர்த்திப் பிடித்து, தலைசுற்றல் தீரும்வரை நிறுத்திவைத்து, மொத்தமாக விட்டால்தான் போக வாய்ப்பு உண்டு. ஒரு பக்கமாக மணிக்கணக்கில் கிடந்த உடம்புக்கு நிமிர்ந்து மிதக்கவே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

கரையில் கிடக்கும்போது அவற்றை முக்கியமாகக் கொல்வது தாகம் இல்லை. சூடும் சொந்த எடையும். தோலுக்கடியில் இருக்கிற கொழுப்புப் போர்வை வெயிலில் அதை உள்ளுக்குள் அவிக்கும். தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த இரண்டு டன் இப்போது அதன் தசைமேலேயே உட்காரும். அதனால்தான் துடுப்புகளுக்கு அடியில் குழி பறித்துத் தண்ணீர் நிற்கவிடச் சொல்கிறார்கள். வாளி வாளியாக ஊற்றலாம், ஆனால் உச்சியில் இருக்கிற மூச்சுத் துளைக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. நாம் என்ன செய்வோம்? தலையில் ஊற்றுவோம். மயங்கின மனுசனுக்கு அதைத்தானே செய்வோம்! வாலில் கயிறு கட்டி இழுப்பதும் அப்படித்தான், பிடிக்க வசதியான இடம் அதுவாக இருக்கிறது. முதுகெலும்பு பிசகிவிடும் என்பது பிடிக்கும்போது தெரியாது.

நியூசிலாந்தில் 1974-இலிருந்து ‘புராஜெக்ட் ஜோனா’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. கடைக்காரர், வாத்தியார், பள்ளிப் பிள்ளைகள் என்று யார் வேண்டுமானாலும் ஒருநாள் பயிற்சி எடுக்கலாம். தண்ணீர் நிரப்பிய ரப்பர் திமிங்கலத்தை உருட்டிப் பழகுகிறார்கள். 2017 பிப்ரவரியில் ஃபேர்வெல் ஸ்பிட் மணல்திட்டில் 400-க்கு மேல் ஒதுங்கியபோது நூற்றுக்கணக்கான பேர் வந்து இறங்கினார்கள். மிதக்கவிட்டவை திரும்பாதபடி இடுப்பளவு தண்ணீரில் கைகோத்துச் சங்கிலியாக நின்றார்கள். அவ்வளவு செய்தும் பெரும்பாதி செத்துப்போயின.

ஆனால் ஒன்று. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. ஃபேர்வெல் ஸ்பிட் இருக்கிற வளைகுடாவில் கடல் நாலு மீட்டர்வரை ஏறி இறங்கும். வற்றத்தில் திமிங்கலத்தைக் குளிர்வித்துக்கொண்டு காத்திருந்தால், ஏற்றத்தில் கடலே வந்து தூக்கிக்கொள்ளும். மன்னார் வளைகுடாவில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. மணப்பாட்டில் காத்திருந்தால் கடல் வந்து தூக்காது. நாம்தான் தூக்கவேண்டும். படகும் கயிறும் ஆள்பலமும், எந்த இடத்தில் ஆழம், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்ற கணக்கும் வேண்டும். இது எல்லாம் யாரிடம் இருக்கிறது?

2020 நவம்பர் 2-ஆம் தேதி இலங்கையில், கொழும்புக்குத் தெற்கே பாணந்துறையில் இதே இனம் நூற்றுக்கு மேல் கரையேறியது. கொரோனா ஊரடங்கு நேரம். கடற்படை, கடலோரக் காவல்படை, ஊர்க்காரர்கள் எல்லோரும் இறங்கினார்கள். தண்ணீர் ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். விடிவதற்குள் ஏறத்தாழ எல்லாவற்றையும் அலை உடையும் இடத்துக்கு அப்பால் கொண்டுபோய்விட்டார்கள். செத்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். இரவோடு இரவாக நடந்ததால் வெயில் ஏறவில்லை, கூட்டம் பிரியவில்லை. நமக்குப் பாடம் நியூசிலாந்தைவிடப் பாணந்துறையில்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

எனக்கு இருக்கிற மனக்குறையை இங்கே சொல்லிவிடுகிறேன். தன்னார்வலர் என்றால் நம் பத்திரிகைகளுக்குப் பனியன் வேண்டும், பனியனில் எழுத்து வேண்டும். 2016-இல் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்றவர்களைச் செய்திகளில் ‘அப்பகுதி மீனவர்கள்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள். நகரத்துத் தன்னார்வலர்களைக் குறைசொல்லவில்லை. சென்னையில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை 1988-இலிருந்து மாணவர்கள் இரவிரவாக நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். வேலைக்குப் போகிற, படிக்கிற பிள்ளைகள் தூக்கத்தை விட்டுச் செய்கிற காரியம் அது. ஆனால் நடுக்கடலில் வலையில் சிக்கிய உயிரை முதலில் பார்ப்பது மீனவன். விடுவதா, வேண்டாமா என்பது அவன் கையில்.

அவனுக்கு நாம் கொடுத்திருப்பது பெரும்பாலும் பயம்தான். ஆமை, ஓங்கல், ஆவுளியா என்கிற கடல்பசு எல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை. கொன்றால் சிறை, சரியான சட்டம்தான். ஆனால் தானாகச் சிக்கியதைப் பற்றித் தகவல் சொல்லப்போய் விசாரணை, வாக்குமூலம் என்று இரண்டு நாள் தொழில் போகும் என்றால் யார் சொல்வார்? சத்தமில்லாமல் கடலில் தள்ளிவிட்டு வருவார்கள். மயங்கியிருந்தாலும் தள்ளிவிடுவார்கள். வலையை அறுத்து விட்டால் அந்த வலைக்கு யார் பணம் தருவது என்பது அடுத்த கேள்வி.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. குஜராத்தில் அம்மணி உழுவையை, அதுதான் திமிங்கலச் சுறா, ஒரு காலத்தில் கொத்துக்கொத்தாக வேட்டையாடிய மீனவர்களே இன்று வலையை அறுத்து விடுகிறார்கள். அவர்களே படம் எடுத்துக் கொடுக்கலாம், வலைக்கு இழப்பீடு வரும். இதுவரை நூற்றுக்கணக்கில் விட்டிருக்கிறார்கள். நம் பாக் விரிகுடாவிலும் ஆவுளியாவை விடுவிக்கும் மீனவர்களைக் கூப்பிட்டுச் சன்மானம் கொடுக்கும் வழக்கம் வந்திருக்கிறது. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்தார்கள். நல்ல தொடக்கம், மறுக்கவில்லை.

2021 சனவரியில் மத்திய அரசு, கரையொதுங்கும் பெரிய கடல் உயிர்களை எப்படிக் கையாளுவது என்று வழிகாட்டு நெறிமுறைகளே வெளியிட்டது. அதில் உள்ளதைத் தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கி ஒவ்வொரு மீன் ஏலக்கூடத்துச் சுவரிலும் எழுதிவைக்க எவ்வளவு செலவாகும்? பெயின்ட்டுக்கு ஆகிற காசு. கூடவே ஊருக்குப் பத்துப் பேருக்குப் பயிற்சி, நாலு தார்ப்பாய், அகலமான பட்டைக் கயிறு. கணக்குப் போட்டால் ஒரு திறப்புவிழாப் பந்தல் செலவுகூட வராது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் பூசி மெழுகியவன் ஆவேன். 2025 சனவரியில் சென்னையையொட்டிய கரையில் ஆயிரத்துக்கு மேல் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அங்கே தன்னார்வலர்களுக்கு மீட்க எதுவும் இருக்கவில்லை, எண்ணிக்கொண்டு போனார்கள். ஆமை கரையேறும் மாதங்களில் 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவைமடி போடக்கூடாது என்று விதி இருக்கிறது. மடிக்குள் வந்த ஆமை தப்பிப்போக ஒரு வாசல் வைக்கும் கருவியும் இருக்கிறது. அதை மாட்டினால் மீனும் போய்விடுகிறது என்று படகுக்காரர்கள் சொல்வதில் நியாயம் கொஞ்சம் உண்டு, அந்த நட்டத்தை ஈடுகட்டும் பேச்சை யாரும் எடுப்பதில்லை. நாட்டுப்படகுக்காரர்களைக் கேளுங்கள், விசைப்படகு கரையோரம் வந்து மடி இழுப்பதால் ஆமைக்கு முன்னால் தங்கள் பிழைப்பு செத்துவிட்டது என்பார்கள்.

அந்த வீடியோவை எனக்கு அனுப்பியவர்களில் ஒருவன், 2009-இல் என்னோடு நெஞ்சளவு தண்ணீரில் நின்றவன். அவன் மறந்துவிட்டான் போலிருக்கிறது. இதையெல்லாம் சுருக்கமாக அவனுக்கு எழுதினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு வந்தது:

“அப்போ அடுத்த தடவ பார்த்தா என்னதாம்ல செய்ய?”

“வனத்துறைக்குப் போன் போடு. வாற வரைக்கும் நிழல்ல, ஈரச் சாக்கு போட்டு, பக்கத்துல உக்காரு.”

“சாக்குக்கு எங்க போக?”

கருப்பட்டி ஊரில் பிறந்தவன் கேட்கிற கேள்வியா இது?