கையெழுத்து யார் போட்டது?

ஜெனீவா, 1762 ஜூன் 19, இருட்டும் நேரம். தத்துவவாதி ரூசோவின் 'சமூக ஒப்பந்தம்', 'எமீல்' இரண்டு நூல்களையும் நகரசபை வாசலில் கிழித்துத் தீயில் போட்ட நாள். ரோன் ஆற்றின் வலக்கரையில், கடிகாரத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழும் சேன் ஜெர்வே பகுதி. மூன்று மாத வாடகை பாக்கி வைத்திருக்கும் ஒருவர் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார். முதல் வளைவிலேயே வீட்டுக்காரம்மா நிற்கிறார். (இவர்கள் இருவரும் கற்பனை. எரிந்த புத்தகங்கள் நிஜம்.)

வீட்டுக்காரம்மா: வா தம்பி. காலில் முள்ளா?

குடித்தனக்காரர்: இல்லை அம்மா, மனசில்தான். அறிவையே எரித்துவிட்டார்கள்.

வீட்டுக்காரம்மா: விறகு விற்கிற விலைக்குக் காகிதத்தை எரித்திருக்கிறார்கள். சரி, வாடகை?

குடித்தனக்காரர்: அந்தப் புத்தகம் என்ன சொல்கிறது தெரியுமா? 'மனிதன் சுதந்திரமாகப் பிறக்கிறான். ஆனால் எங்கும் விலங்கு பூட்டப்பட்டிருக்கிறான்.' பட்டறையில் ஒருவர் உரக்கப் படித்தார். கடிகாரக் கூட்டுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே கேட்டேன்.

வீட்டுக்காரம்மா: பிறக்கும்போது யாரும் வாடகை கேட்பதில்லைதான். எழுதியது யார்?

குடித்தனக்காரர்: நம் ரூசோ. ஐசக் கடிகாரக்காரரின் மகன். புத்தகத்தின் முகப்பிலேயே 'ஜெனீவாவின் குடிமகன்' என்று போட்டிருக்கிறார். அதையும் சேர்த்துத்தான் எரித்தார்கள். ஊருக்குள் கால் வைத்தால் கைதாம்.

வீட்டுக்காரம்மா: செதுக்குவேலை பழகப் போய், பாதியில் ஓடிய பையன்தானே? ஒருநாள் நேரம் கழித்து வந்தான், நகரக் கதவைச் சாத்திவிட்டார்கள், முதலாளி அடிப்பாரென்று அப்படியே போய்விட்டான். 34 வருஷம் ஆகிறது. அவன் சொன்னதால்தான் நீ வாடகை தராமல் இருக்கிறாயா?

குடித்தனக்காரர்: அரசு என்பதே மக்கள் செய்துகொண்ட ஒப்பந்தம்தானாம். ஒப்பந்தம் என்றால் சம்மதம் வேண்டும் அம்மா. நான் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லையே.

வீட்டுக்காரம்மா: இந்தப் படியில் ஏறுகிறாயா?

குடித்தனக்காரர்: ஏறுகிறேன்.

வீட்டுக்காரம்மா: சனிக்கிழமை என் சூப்பைக் குடித்தாயா?

குடித்தனக்காரர்: இரண்டு கிண்ணம்.

வீட்டுக்காரம்மா: போதும்.

குடித்தனக்காரர்: (முகம் வாடி) இங்கிலாந்துத் தத்துவவாதி லாக்கும் இதையேதான் சொல்கிறார். ஒரு நாட்டின் நெடுஞ்சாலையில் நடந்தாலே அந்த நாட்டுச் சட்டத்துக்குச் சம்மதம் என்று கணக்காம். வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்காரம்மா: நல்ல மனுஷன். வேறென்ன சொல்கிறார்?

குடித்தனக்காரர்: உயிர், சுதந்திரம், சொத்து, இவற்றைக் காக்கத்தான் அரசு. தவறினால் மக்கள் அதைத் தூக்கி எறியலாம். என் கட்டிலுக்கு மேலே கூரை ஒழுகுகிறது. ஆகவே...

வீட்டுக்காரம்மா: சொத்து என்றாயே, இது யார் சொத்து?

குடித்தனக்காரர்: லாக்கை விடுங்கள். அவருக்கு முன்னாலேயே, 1651-இல், ஹாப்ஸ் என்ற இன்னொரு இங்கிலாந்துக்காரர் எழுதினார். அரசு இல்லாவிட்டால் மனிதன் பாடு என்ன? தனிமை, வறுமை, அசிங்கம், மிருகத்தனம், அற்பாயுசு.

வீட்டுக்காரம்மா: அடப் பாவமே. எங்கே குடியிருந்தாராம்?

குடித்தனக்காரர்: உங்கள் மேல்மாடியில்தான் இருந்திருப்பார் போல. அந்தப் பயத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் ஒப்பந்தம் செய்துகொண்டு, மொத்த அதிகாரத்தையும் ஓர் ஆளிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஆள்பவர் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே இல்லை. அதனால் அவர் அதை மீறினார் என்று யாரும் வழக்காட முடியாது.

வீட்டுக்காரம்மா: இதை இன்னொரு தடவை, மெதுவாகச் சொல்லு.

குடித்தனக்காரர்: (அவசரமாக) ரூசோவுக்கு அது பிடிக்காது! இறையாண்மை, அதாவது உச்ச அதிகாரம், மக்களிடம்தான் என்கிறார் அவர். மேல்மாடியில் இருக்கும் நாங்கள் நாலு பேரும் நேற்றுக் கூடிப் பேசினோம். ஒருத்தர் விடாமல் சம்மதம். இந்த மாசம் வாடகை கிடையாது.

வீட்டுக்காரம்மா: கூரை ஒழுகக் கூடாது என்பதில் எத்தனை பேருக்குச் சம்மதம்?

குடித்தனக்காரர்: அதிலும் நாலு பேருக்கும்தான்.

வீட்டுக்காரம்மா: ஓடு மாற்றக் காசு?

குடித்தனக்காரர்: (தலையைச் சொறிந்து) ரூசோவும் இங்கேதான் காலை வாருகிறார். ஆளுக்கொரு ஆசையைக் கூட்டிப் போட்டால் அது வெறும் கூட்டல். எல்லோருக்கும் பொதுவான நன்மை எதுவோ, அதை நாடுவதுதான் பொது விருப்பம்.

வீட்டுக்காரம்மா: பொது விருப்பத்துக்கு ஒருத்தன் கட்டுப்பட மறுத்தால்?

குடித்தனக்காரர்: அதைக் கேட்காதீர்கள்.

வீட்டுக்காரம்மா: கேட்டுவிட்டேனே.

குடித்தனக்காரர்: சுதந்திரமாக இருக்கும்படி அவனைக் கட்டாயப்படுத்துவார்கள்.

(இந்த ஒரு வரிக்கு விளக்கம் எழுதியே பேராசிரியர்கள் பலர் ஓய்வு பெற்றிருக்கிறார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.)

வீட்டுக்காரம்மா: நாளைக் காலையில் உன் பெட்டியிலிருக்கும் வெள்ளிக் கடிகாரத்தை விற்று, கடனிலிருந்து உன்னைச் சுதந்திரமாக்குகிறேன்.

குடித்தனக்காரர்: அம்மா!

வீட்டுக்காரம்மா: அது கிடக்கட்டும். அந்த ஒப்பந்தத்தில் உனக்கு ஓட்டு உண்டா?

குடித்தனக்காரர்: இந்த ஊரில் 20,000 பேருக்கு மேல். ஓட்டுப் போடப் பொதுப்பேரவைக்குப் போகக்கூடியவர்கள் சுமார் 1,500. கடைசியில் முடிவெடுப்பது மேட்டுத் தெருப் பணக்காரர்கள் 25 பேர். என் தாத்தா வெளியூரிலிருந்து வந்தவர் என்பதால், இங்கேயே பிறந்த எனக்கு 'இங்கே பிறந்தவன்' என்று ஒரு பட்டம் கொடுத்திருக்கிறார்கள். அதோடு சரி.

வீட்டுக்காரம்மா: ஆக, நீ குடிமகனும் இல்லை, வெறும் குடித்தனக்காரன். நான்?

குடித்தனக்காரர்: பெண்களைப் பற்றி 'எமீல்' நூலில் எழுதியிருக்கிறார்...

வீட்டுக்காரம்மா: என்னவென்று?

குடித்தனக்காரர்: ஆணுக்குப் பிடித்தபடி நடந்துகொள்ளப் பிறந்தவள் என்று.

வீட்டுக்காரம்மா: அதை எரித்தார்களா?

குடித்தனக்காரர்: அதையும்தான். ஆனால் எரித்தது அந்த வரிக்காக இல்லை. மதத்தைப் பற்றி எழுதியதற்காக.

வீட்டுக்காரம்மா: தீயாவது நல்லது செய்ததா என்று பார்த்தேன். சரி, உன் கடைசித் துருப்புச் சீட்டைப் போடு. சூப் ஆறுகிறது.

குடித்தனக்காரர்: ஸ்காட்லாந்தில் ஹியூம் என்று ஒருவர். ஒருவனைத் தூக்கத்தில் கப்பலில் ஏற்றிவிட்டு, 'இறங்காமல் இருக்கிறாயே, மாலுமிக்குக் கட்டுப்படச் சம்மதித்தாய்' என்றால் நியாயமா? இறங்கினால் நடுக்கடல்!

வீட்டுக்காரம்மா: இங்கே கடல் இல்லை. கீழ்க்கதவு திறந்திருக்கிறது. பிடிக்காவிட்டால் கிளம்பலாம்.

குடித்தனக்காரர்: கிளம்புகிறேன்! இப்போதே, எல்லைக்கு அப்பால், சவாய்க்கு! (காலணியை மாட்டிக்கொண்டு நாலு படி இறங்குகிறார். தூரத்தில் மணி அடிக்கிறது. நிற்கிறார்.)

வீட்டுக்காரம்மா: என்ன மணி அது?

குடித்தனக்காரர்: நகரக் கதவைச் சாத்துகிறார்கள்.

வீட்டுக்காரம்மா: அந்தப் பையன் வெளியே மாட்டினான். நீ உள்ளே.

குடித்தனக்காரர்: (திரும்பி ஏறியபடி) சூப் என்றீர்களே?

வீட்டுக்காரம்மா: இருக்கிறது. குடித்தால் சம்மதம் என்று அர்த்தம்.

குடித்தனக்காரர்: (கொஞ்ச நேரம் யோசித்து) ரொட்டியும் உண்டா?