பழைய கம்ப்யூட்டர் மேல பழி போடாதீங்க

போன ஞாயித்துக்கிழமை கோயில்ல பூஜை முடிஞ்சு பிரசாதம் வாங்கிட்டு நிக்கும்போது ஒரு தம்பி வந்து கேட்டான், "அண்ணே, எங்க தாத்தா பாடுன டேப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன், ஆனா எம்பி3 ஆக்கி முடிக்கறதுக்குள்ள கரண்ட் போயிருது, புது கம்ப்யூட்டர் வாங்கலாம்னு இருக்கேன், எதுண்ணே நல்லது?" வாங்காதடான்னு சொன்னேன். அங்க நின்னே பேசுனோம், பேசி முடியல, ரங்கூன்ல இன்னும் எத்தனையோ பேர் வீட்ல இதே கதைதான், அதான் இங்க எழுதறேன்.

எங்க அப்பா சேர்த்து வச்சது 180 கேசட். பீலிக்கான் கோயில் தீமிதி, மார்கழி பஜனை, கல்யாண வீட்ல பாடுனது, மோல்மீன்ல இருந்து வந்த பெரியவங்க ராத்திரி முழுக்கப் பாடுன தெம்மாங்கு, எல்லாம் எண்பதுகள்லயும் தொண்ணூறுகள்லயும் பதிஞ்சது. பாடுனவங்கள்ல பாதிப்பேர் இப்ப இல்ல. இந்தக் குரலெல்லாம் வேற எங்கயும் கிடைக்காது, எந்தக் கடையிலயும் விக்காது, அதனாலதான் இதுல இவ்வளவு பிடிவாதமா இருக்கேன். மொதல்ல 120 டேப்ப ஏத்துனேன். ஒரு மணி நேர டேப் சிடி தரத்துல, சுருக்காத வேவ் ஃபைலா 635 எம்பி வரும், 120க்கு 76 ஜிபி. கம்ப்யூட்டர் பழைய ஐ5, நாலு கோர், அதாவது தனித்தனியா வேலை செய்யற நாலு மூளை மாதிரி.

எம்பி3 ஆக்க ஒரு டேப்புக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க, 120 டேப்புக்கு நாலு மணி நேரம். எங்க பக்கம் கரண்ட்டு நல்ல நாள்லயே நாலு மணி நேரம்தான் இருக்கும், அப்புறம் போயிரும், ஒவ்வொரு தடவையும் கடைசில பத்துப் பதினஞ்சு டேப் இருக்கும்போது எல்லாம் இருட்டாயிடும், எது முடிஞ்சுது எது பாதில நிக்குதுன்னு தெரியாம மறுபடி மொதல்ல இருந்து. மூணு தடவை இப்படி ஆச்சு.

நாலாவது தடவை, கம்ப்யூட்டர் எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டற டாஸ்க் மேனேஜர திறந்து வச்சுட்டு உக்காந்து பாத்தேன். சிபியு, அதாவது அந்த நாலு கோரும் இருக்கற சிப், 25 சதவீதம். அதுக்கு மேல ஏறவே இல்ல. அப்பதான் புரிஞ்சுது, நாலு கோர்ல ஒண்ணுதான் வேலை செய்யுது, மிச்சம் மூணும் சும்மா நிக்குது. நாலு மாடு கட்டியிருக்க வீட்ல ஒத்த மாட்ட ஓட்டிட்டு உழவு முடியலன்னு அழுத மாதிரி. எம்பி3 பண்றதுக்கு எல்லாரும் யூஸ் பண்ற லேம்ங்கற சாஃப்ட்வேர் இருக்கே, அது 1998ல ஆரம்பிச்சது, ஒரு பாட்ட ஒரு கோர்லதான் செய்யும். புதுசா எட்டு கோர் மெஷின் வாங்குனாலும் ஒரு பாட்டுக்கு ஒரு கோர்தான். ஆனா ஒரே நேரத்துல நாலு பாட்ட குடுத்தா நாலு கோரும் ஓடும். ஃபூபார்2000ங்கற பாட்டு சாஃப்ட்வேர்ல கன்வெர்ட்டர்ல எல்லா ஃபைலையும் மொத்தமா செலக்ட் பண்ணிக் குடுத்தா அதுவே இப்படிப் பிரிச்சுக்கும், ஃப்ரீஏசியும் அப்படித்தான், ரெண்டும் காசு இல்லாம கிடைக்குது. நான் அதுவரைக்கும் ஒவ்வொண்ணா குடுத்துட்டு இருந்தேன், அவ்வளவுதான் விஷயம்.

நாலு ஓடுனதும் ஒரு மணி நேரத்துல முடியணும்ல? முடியல, சிபியு 60, 70ன்னு தள்ளாடுது. காரணம் பழைய சுத்துற ஹார்டு டிஸ்க். நாலு பெரிய ஃபைல ஒரே டிஸ்க்ல இருந்து படிச்சு அதே டிஸ்க்லயே எழுதச் சொன்னா உள்ள இருக்கற முள்ளு அங்கயும் இங்கயும் ஓடியே நேரம் போயிரும். சுத்தற பாகமே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் சின்னதா ஒண்ணு போட்டு, வேவ் ஃபைல எஸ்எஸ்டில வச்சு, எம்பி3ய ஹார்டு டிஸ்க்ல எழுத விட்டேன். ஒரு மணி பத்து நிமிஷம், 120 டேப்பும் முடிஞ்சுது. புது கம்ப்யூட்டருக்கு ஆகற காசுல இது எந்த மூலைக்கு?

சித்திரை வெயில் காலத்துல இன்னொண்ணு பாருங்க, கேபினெட்ட திறந்து ஃபேன்ல இருக்கற தூசிய ஊதி விடுங்க, சூடு ஏறுனா சிபியு தன் வேகத்த தானே குறைச்சுக்கும். லேப்டாப்னா பேட்டரி சேவர்ல இருக்கான்னு பாருங்க, அதுவும் அப்படித்தான் இழுக்கும்.

சில பேர் சொல்றாங்க, எம்பி3 பிட்ரேட்ட, அதாவது ஒரு செகண்டுக்கு எவ்வளவு டேட்டாங்கறத, 64 கேபிபிஎஸ்ல போட்டா சீக்கிரம் முடியும்னு. இதத்தான் நான் ஒத்துக்கவே மாட்டேன். பிட்ரேட்ட குறைச்சா ஃபைல்தான் சின்னதாகும், நேரம் பெருசா மிச்சமாகாது. நேரத்த தின்னுறது லேம்ல க்யூன்னு வேற ஒரு எண் இருக்கு அது, 0ல வச்சா ரொம்ப மெதுவா போகும், 9ல வச்சா பறக்கும், சும்மா இருந்தா அது நடுவுல நல்ல எண்ணா எடுத்துக்கும், கை வைக்காம விட்டுருங்க. தாத்தா குரல நிரந்தரமா தேய்ச்சுட்டு அஞ்சு நிமிஷம் மிச்சம் புடிச்சு என்ன பண்ணப் போறோம்?

மூலக் காப்பிய ஃப்ளாக்ல வைங்க, தரம் குறையாம சுருக்கற ஃபைல் வகை அது, நான் கெஞ்சிக் கேக்கறேன். ஒரு துளி சத்தமும் போகாது, எம்பி3ய விட வேகமாவும் முடியும். 0ல இருந்து 8 வரைக்கும் லெவல் இருக்கு, எதுல வச்சாலும் தரம் ஒண்ணுதான், சைஸ்தான் கொஞ்சம் மாறும், 5 போதும். 2025 பிப்ரவரில வந்த ஃப்ளாக் 1.5 வெர்ஷன்ல ஒரே ஃபைலுக்கே நிறைய கோர யூஸ் பண்ற வசதி வந்துருச்சு. அத விட முக்கியம், உள்ள ஒரு சரிபார்ப்பு எண் வச்சிருக்கும், கரண்ட் போய் திரும்ப வந்ததும் டெஸ்ட் ஓட்டுனா எந்த ஃபைல் பாதில நின்னுதுன்னு காட்டிக் குடுத்துடும், அத மட்டும் திரும்பப் பண்ணா போதும். மெட்ராஸ்லயும் மணிப்பூர் எல்லைல மோரேலயும் இருக்கற சொந்தக்காரங்களுக்கு போன்ல அனுப்பத்தான் எம்பி3.

ஆனா நெஜமாவே நேரம் எடுக்கறது டேப்ப ஏத்தறதுதான். 120 டேப்னா 120 மணி நேரம், கரண்ட் இருக்கற நேரத்துல, எனக்கு ஆறு மாசம் ஆச்சு. டேப் ஓட்டற டெக்க ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டி ஏத்தலாம்னு ஒருத்தர் சொன்னாரு, பண்ணாதீங்க, ஜால்ரா சத்தம், மேல் ஸ்தாயியெல்லாம் போயிரும். அதுக்கு பதிலா இத செய்யுங்க. நம்ம வீட்டு டேப்பெல்லாம் ஒத்த மைக் வச்ச ரெக்கார்டர்ல பதிஞ்சது, மோனோ. கம்ப்யூட்டருக்குப் பின்னால நீலக் கலர் லைன் இன் ஓட்டை ஸ்டீரியோ. ரெண்டு டெக் வச்சு ஒண்ண இடது பக்கம், ஒண்ண வலது பக்கம் விட்டு ஒண்ணா ரெக்கார்ட் பண்ணி, அப்புறம் ஆடாசிட்டிங்கற சத்தம் எடிட் பண்ற சாஃப்ட்வேர்ல ரெண்டையும் பிரிச்சுக்கலாம். ஒரு மணி நேரத்துல ரெண்டு டேப். மோனோவா இருக்கறதால ஃபைலும் பாதி, என்கோடும் அந்தளவுக்கு சீக்கிரம்.

மிச்சம் 60 டேப்ப இப்படித்தான் ஏத்திட்டு இருக்கேன், 38 முடிஞ்சுது. ரெண்டாவது டெக் பக்கத்து வீட்டு அக்கா குடுத்தது, பெல்ட் மட்டும் மாத்துனேன். அந்தத் தம்பி இந்த வாரம் தாத்தா டேப்போட வீட்டுக்கு வரான். உங்க வீட்லயும் டேப் இருந்தா, பூஞ்சை புடிக்கறதுக்கு முன்னாடி எடுத்துட்டு வாங்க, ரெண்டு டெக்கும் ரெடியா இருக்கு.